ஜேட் கொடி கருகிவிட்டதா? கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஜேட் கொடியைத் தரையில் நட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பூகூட இல்லை. போன குளிர்காலத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்து நுனியெல்லாம் கருகிவிட்டது. அடியோடு வெட்டித் துளிர்க்க விடலாமா, இல்லை விதை வாங்கி மறுபடி தொடங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

இது பிலிப்பைன்ஸ் மழைக்காட்டுக் கொடி. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே வாடத் தொடங்கும். உறைபனியைக் கேட்கவே வேண்டாம். பூச்சரம் வருவது முற்றிய கொடியில்தான். அடித்தண்டு கட்டைவிரல் பருமனாவது ஆகட்டும், அதுவரை பூவைத் தேடாதீர்கள். இப்போது வெட்டினால் இரண்டு வருட வளர்ச்சியும் போச்சு. குளிர் முழுக்கப் போன பிறகு தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் பச்சை தென்படும் இடம்வரை மட்டும் நறுக்குங்கள்.

அடுத்த குளிருக்கு வேரைச் சுற்றிக் காய்ந்த இலைகளைத் தடிமனாகப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல். பனி இரவில் பழைய துணி போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். குளிருக்கு முன்னால் உரம் வேண்டாம். இளந்துளிர்தான் முதலில் சாகும்.

விதை விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் 'நீல ஜேட் விதை' என்று பொட்டலம் பொட்டலமாக விற்கிறார்கள். கடுகளவு கறுப்பு விதை வந்தால் அப்படியே குப்பையில் போடுங்கள். இது அவரைக் குடும்பம், விதை பெரியது. அசல் விதையே காயிலிருந்து எடுத்த சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். தபாலில் ஊர் சுற்றி வந்தது எப்படி முளைக்கும்? புகார் சொன்னால் 'முளைப்புக்கு உத்தரவாதமில்லை' என்ற பொடி எழுத்து வரியைக் காட்டுவார்கள். படத்தில் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க ஆளே இல்லை. அடர்நீலத்தில், ஊதாவில் பூ காட்டினால் அது கணினி வேலை. அசல் நிறம் பச்சை கலந்த வெளிர்நீலம்.

செடியாக வாங்கினாலும் இலையைப் பாருங்கள். அவரை மாதிரி ஒரு காம்பில் மூன்று சிற்றிலை இருக்க வேண்டும். தனித்தனி இலையாக இருந்தால் பெரும்பாலும் தன்பெர்ஜியா என்ற வேறொரு கொடியை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். ஆனால் மூன்று சிற்றிலை இருந்தாலே ஜேட் கொடி என்று நம்பிவிடவும் முடியாது. 'சிவப்பு ஜேட்' என்று விற்கிறார்களே, அதற்கும் மூன்றுதான். அது நியூகினியாவின் முக்குனா, வேறு பேரினம். பூக்காத செடியில் இரண்டையும் பிரித்தறிவது எனக்கே சிரமம். அதனால் பூத்து நிற்கும் தாய்ச்செடியை நேரில் பார்த்து, அதிலிருந்து எடுத்த பதியனையே வாங்குங்கள்.

உங்கள் தோட்டத்தில் வருடாவருடம் உறைபனி விழுமானால் தரையில் இந்தக் கொடி நிலைக்காது. இப்போதே ஒரு கிளையை மண்ணில் வளைத்துப் பதியன் போடுங்கள். வேர் பிடித்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றி, குளிர்காலத்தில் வெளிச்சமுள்ள அறைக்குள் வையுங்கள்.