பழைய காற்றுத் துப்பாக்கிகளைச் சீர்செய்தல்: கேள்வி பதில்

ஸ்பிரிங்கால் இயங்கும் பழைய காற்றுத் துப்பாக்கிகளை வீட்டுப் பட்டறையில் பழுதுபார்ப்பது குறித்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த துப்பாக்கியில் ஈயக்குண்டு மிகவும் மெதுவாக வெளியேறுகிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகிவிடுமா, ஐயா?

பதில்: ஸ்பிரிங்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னிருக்கும் காற்று நசுங்கி, ஒரு சிறு துளை வழியாகக் குழலுக்குள் பாய்ந்து குண்டை விரட்டுகிறது. அந்தக் காற்றைப் பின்பக்கம் கசியவிடாமல் காப்பது பிஸ்டன் தலையில் இருக்கும் கிண்ண வடிவத் தோல் வாஷர். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த துப்பாக்கியில் அந்தத் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். சில துப்பாக்கிகளில், குறிப்பாக பிரிட்டனின் வெப்லி நிறுவனம் செய்த மார்க் 3 போன்றவற்றில், தோலுக்குப் பதிலாக உலோக வளையம் இருக்கும் என்பதால், உங்களுடையது எந்த வகை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தோல் வாஷர்தான் என்றால், மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் நீட்ஸ்ஃபூட் எண்ணெயில் நான்கைந்து சொட்டுகளை அந்தச் சிறு துளையில் விட்டு, துப்பாக்கியைக் குழல் மேல்நோக்கி இருக்குமாறு ஓரிரவு நிறுத்தி வையுங்கள். தோல் எண்ணெயைக் குடித்து உப்பி, மறுநாளே வேகம் பெருமளவு திரும்பிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மெல்லிய கனிம எண்ணெயை அங்கே விடவே கூடாது. திடீரென நசுங்கும் காற்று கடும் வெப்பமடைந்து அந்த எண்ணெயைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். பெருஞ்சத்தமும் புகையும் வந்தால் துப்பாக்கி வலுப்பெற்றுவிட்டது என்று மகிழ வேண்டாம், வாஷரும் ஸ்பிரிங்கும் அடிவாங்குகின்றன என்று பொருள். நீட்ஸ்ஃபூட் விட்ட பிறகும் முதல் சில குண்டுகளுக்குச் சிறிது புகை வரும், அது அடங்கிவிடும்.

குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையானால், குழலும் உடலும் சேரும் இடத்திலுள்ள சிறு வாஷரையும் சோதியுங்கள். அந்த இணைப்பின் மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டு, பாதுகாப்பான தடுப்பை நோக்கிச் சுடும்போது காகிதம் துள்ளினால் அங்கே காற்று கசிகிறது.

கேள்வி: புதிய தோல் வாஷரை நானே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. தாவரப் பட்டையில் பதனிட்ட, 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலை எடுத்துக்கொள்ளுங்கள்; குரோமியத்தில் பதனிட்ட தோல் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்த அச்சில் வைத்து வைஸில் நெருக்கி, முழுவதும் காயும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பின் பக்கத்தில் வைத்தால் தோல் வெடித்துவிடும். பிறகு விளிம்பைக் கூரிய கத்தியால் சீவி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தலாம்.

கேள்வி: ஸ்பிரிங்கை வெளியே எடுக்க ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதாதா?

பதில்: போதாது. ஏற்றப்படாத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின்மூடியைப் பிடித்திருக்கும் கடைசித் திருகையோ ஊசியையோ கழற்றும்போது அந்த மூடி முகத்தை நோக்கிப் பாயக்கூடும். தச்சர்கள் பலகைகளை ஒட்டப் பயன்படுத்தும் நீளமான கிளாம்பை வலுவான மரச்சட்டத்தில் பொருத்தினால், ஸ்பிரிங்கைப் படிப்படியாகத் தளர்த்தும் கருவி தயார். அதைத் திருகும்போது துப்பாக்கியின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். தொடங்குமுன் குழலில் குண்டு இல்லை என்பதையும் ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்பதையும் இருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வலிமையான ஸ்பிரிங் போட்டு வேகத்தைக் கூட்ட விரும்புகிறேன்.

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பல நாடுகளில் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றலுக்குச் சட்ட வரம்பு உண்டு. ஜெர்மனியில் உரிமமின்றி வைத்திருக்க 7.5 ஜூல், 1970 முதல் அங்கே ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து பொறிக்கப்படுவது இதைக் குறிக்கத்தான். இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். அதைத் தாண்டினால் உங்கள் கையிலிருப்பது சட்டப்படி வேறொரு ஆயுதமாகிவிடும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பழைய துப்பாக்கியின் அளவுகள் அதன் பழைய ஸ்பிரிங்குக்காகவே வகுக்கப்பட்டவை. கூடுதல் விசை உதைப்பைப் பெருக்கும், திருகுகளைத் தளர்த்தும், குறியைக் கெடுக்கும்.

உங்கள் கைவண்ணத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் தட்டையாக்கிப் பளபளப்பாக்குங்கள். ஸ்பிரிங்குக்குள் நிற்கும் வழிகாட்டித் தண்டு தளர்வாக இருந்தால் சரியான விட்டத்தில் புதிதாகக் கடைந்து போடுங்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு பசையை மிக மெல்லிதாகப் பூசுங்கள். கரகரவென்று அதிர்ந்த துப்பாக்கி ஒரே தட்டில் அடங்கும்போது கிடைக்கும் நிறைவை எந்த வேகமும் தராது.

கேள்வி: பிரிட்டனில் செய்த துப்பாக்கியில் தொலைந்த திருகுக்குப் பதிலாக எம் 5 (5 மில்லிமீட்டர் மெட்ரிக்) திருகைப் போட்டேன். பாதியில் இறுகிவிட்டது.

பதில்: உடனே பின்னால் திருப்பிக் கழற்றிவிடுங்கள். அந்நாட்டுப் பழைய துப்பாக்கிகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய அளவுமுறை மரைகள் பரவலாக உண்டு. 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.81, எம் 5-க்கு இடைவெளி 0.8. இடைவெளி ஏறத்தாழ ஒன்று என்பதால்தான் தொடக்கத்தில் ஏறியது. ஆனால் விட்டமும் மரைக் கோணமும் வேறு. பலவந்தப்படுத்தினால் உடலிலுள்ள மரை அழிந்துபோகும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: துருப்பிடித்த குழலுக்குப் புதிதாக ப்ளூயிங் (எஃகின் மேல் கருநீலக் காப்புப் படலம் உண்டாக்குதல்) செய்யலாமா?

பதில்: முதலில் எண்ணெயும் மிக நுண்ணிய எஃகுக் கம்பளியும் கொண்டு மேல்துருவை மட்டும் எடுத்துப் பாருங்கள், பல நேரங்களில் அடியில் பழைய மெருகு உயிரோடு இருக்கும். லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்து பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனம் 1905 முதல் தயாரித்த துப்பாக்கிகள் போன்றவற்றில் பொறிப்பு எழுத்துகளே அவற்றின் பிறப்புச் சான்று. உப்புத்தாளால் தேய்த்து அவற்றை மழுங்கடிப்பதைவிடத் தழும்போடு விட்டுவிடுவது மேல். செய்தே ஆகவேண்டும் என்றால், வேண்டுமென்றே மெல்லிய துருவை உண்டாக்கி, கொதிநீரில் இட்டுக் கருப்பாக்கி, தேய்த்து, மீண்டும் மீண்டும் செய்யும் பழைய முறையே வீட்டுக்கு ஏற்றது. காரஉப்புக் கரைசலைக் கொதிக்கவைக்கும் முறை கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்தானது. அலுமினியப் பாகங்களைத் தின்றுவிடும், ஈயப் பற்றுவைப்பையும் கெடுக்கும்.

கேள்வி: துப்பாக்கியின் மரக் கட்டையில் பள்ளங்கள் இருக்கின்றன. என் தோளுக்கு அதன் நீளமும் கூடுதல்.

பதில்: பள்ளத்தின் மேல் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுங்கள், நசுங்கிய நார்கள் நீராவியில் எழும்பிவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகத் தடவுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள். பழைய கட்டையை அறுக்க வேண்டாம். அதைப் பத்திரப்படுத்திவிட்டு, உங்கள் அளவுக்கு வேறொரு வால்நட் அல்லது பீச் கட்டையைச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ட்ரிகர் மிகவும் கனமாக இருக்கிறது. அரத்தால் சிறிது ராவலாமா?

பதில்: கூடாது. பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முனை கடினப்படுத்திய மெல்லிய மேற்பரப்பைக் கொண்டது. அது ராவிப் போனால் அடியிலுள்ள மென்மையான எஃகு விரைவில் தேய்ந்து, குழலைத் திறந்து குண்டு வைக்கும்போதே ஸ்பிரிங் விடுபட்டு விரலை நசுக்கக்கூடும். கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, புதிதாக மெல்லிய பூச்சு கொடுத்தாலே பெரும்பாலும் கனம் குறையும். அதன்பின்னும் குறையாவிட்டால், ட்ரிகரின் சிறு ஸ்பிரிங் பிற்காலத்தில் யாரோ மாற்றிய தடித்த ஸ்பிரிங்கா என்று பாருங்கள்.