கேஸ் ஸ்டடி ஒர்க்புக்: நர்சிங் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவில் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் மெடிக்கல் சர்ஜிக்கல் பாடம் எடுக்கிறேன். ஒர்க்புக்கில் கேஸ் எழுதிப் படிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்க. அட்மிஷன், வெளிநாட்டு வேலை பற்றி இங்கே வேண்டாம்.

தக்கலை, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு: மேடம், கேஸை வாசிச்சா புரியுது. கீழே இருக்கிற கேள்விக்கு எழுத உட்கார்ந்தா ஒண்ணும் வரல. பின்பக்கத்து விடையைப் பார்த்துத்தான் எழுதறேன். தப்பா?

அந்த விடைப் பக்கங்களை கிளிப் போட்டு மூடிடுங்க மக்ளே. கேஸோட முதல் பத்தியை மட்டும் வாசிங்க, மீதியை ஒரு தாளால் மறைங்க. மூணு வரி எழுதணும்: கண்ணில் பட்டது என்ன, அதனால் எதுக்குப் பயப்படறேன், முதலில் என்ன செய்வேன்.

ஒரு கேஸ் சொல்றேன். 58 வயது, 60 கிலோ, வயிற்று ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்திருக்கார். முதல் மணி நேரம் நாடி 84, பிபி 132/84. இரண்டாவது மணி 98, 118/80. மூன்றாவது மணி 114, 104/78. கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 20 மி.லி. டிரெஸ்ஸிங் உலர்ந்திருக்கு. கடைசி பிபியை மட்டும் பார்த்தால் "நார்மல்" என்று எழுதிடுவீங்க. மூணையும் வரிசையா வைங்க: நாடி ஏறுது, மேல் பிபி இறங்குது, பிபியின் இரண்டு எண்களுக்கும் நடுவில் 48 ஆக இருந்த வித்தியாசம் இப்போ 26. கிலோவுக்கு 0.5 மி.லி. கணக்கில் மணிக்கு 30 மி.லி.யாவது சிறுநீர் வரணும், வரல. வெளியே ரத்தம் தெரியலன்னா உள்ளே கசியலன்னு அர்த்தம் இல்லை. டாக்டரை இப்பவே கூப்பிடணும், பிபி இன்னும் விழட்டும்னு காத்திருக்கக் கூடாது.

இதை நீங்களே எழுதின பிறகு விடையைத் திறங்க. முதலில் எழுதினதை அழிக்காதீங்க. தவறவிட்டதை வேற மையில் பக்கத்தில் எழுதுங்க. பரீட்சைக்கு முன்னாடி அந்த வேற மை வரிகளை மட்டும் வாசிச்சா போதும், உங்க பலவீனம் எங்கேன்னு தெரிஞ்சிடும்.

மார்த்தாண்டம், ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ): நர்சிங் டயக்னோசிஸ் இடத்தில் "நிமோனியா"ன்னு எழுதினேன். வெட்டிட்டாங்க.

சரியாத்தான் வெட்டியிருக்காங்க. நிமோனியா டாக்டர் சொல்ற நோய். சளி கட்டியா இருக்கு, இருமி வெளியேற்ற முடியல, அதனால் மூச்சுப்பாதை அடைபடுது, இதுதான் உங்க பிரச்சினை. காரணத்தையும் நீங்க கண்ட அறிகுறியையும் சேர்த்து எழுதுங்க.

இரணியல்: நல்ல ஒர்க்புக் எது? பிடிஎஃப் கிடைக்குமா?

உங்க கல்லூரி நூலகத்தில் கேளுங்க. பிடிஎஃப் நான் அனுப்புவதில்லை.

நாகர்கோவில், மூன்றாம் ஆண்டு: வார்டில் பார்த்த நோயாளியின் கேஸ் ஷீட்டை போனில் படம் எடுத்து வச்சு, வீட்டில் ஒர்க்புக்காக மாத்தலாமா?

படம் எடுக்கவே கூடாது. பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) எழுதக் கூடாது. நம்ம மாவட்டம் சின்னது. குளச்சல், மீன்பிடித் தொழில், இடது கால் எடுத்தவர்னு எழுதினால் போதும், பெயரே தேவையில்லை, ஊருக்கே ஆள் தெரிஞ்சிடும். வயது, ஊர், தொழில் மூணையும் மாத்துங்க.

குலசேகரம், டியூட்டர்: என் மாணவர்களுக்குப் பாம்புக்கடி கேஸ் தயாரிச்சிருக்கேன். அதிகாலை ரப்பர் பால்வெட்டப் போனவர், காலில் கடி. எதையெல்லாம் சேர்க்கணும்?

அருமையான தேர்வு. முதல் பத்தியில் கடி, நேரம், வீக்கம் மட்டும் கொடுங்க. இரண்டாவதில் 20 நிமிட ரத்த உறைவு சோதனை, விஷத்தால் ரத்தம் உறையாமல் போச்சான்னு பார்க்க. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேணும். சோப்புத்தூள் போட்டுக் கழுவின குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் முடிவு தப்பா வரும். 20 நிமிடம் அசைக்காமல் வச்சு, பிறகுதான் சாய்ச்சுப் பார்க்கணும். மூன்றாவது பத்தியில் ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) ஓடும்போது அரிப்பு, தடிப்பு, வாந்தி. அப்போ உங்க மாணவி என்ன செய்வாள்? டிரிப்பை நிறுத்தணும், டாக்டரை அழைக்கணும், ஏற்கெனவே பக்கத்தில் தயாரா வச்சிருக்கிற அட்ரினலினை எடுக்கணும்.

ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்: மன்னிக்கணும் மேடம். எந்தப் பாம்பு, எத்தனை குப்பி எல்லாம் டாக்டர் வேலை. நம்ம பிள்ளைகளுக்கு ஒழுங்கா வைட்டல்ஸ் (நாடி, பிபி மாதிரி அளவுகள்) எடுக்கவே வரல.

ஆர்டர் டாக்டருடையது, அதில் சந்தேகமே இல்லை. குழாயை 20 நிமிடத்துக்கு முன்னாடி யாரும் ஆட்டாமல் பார்த்துக்கிறது யார்? விஷம் நரம்பைத் தாக்கி ராத்திரி மூணு மணிக்கு இமை சரியறதை முதலில் பார்க்கிறது யார்? வைட்டல்ஸ் ஒழுங்கா வராததுக்குக் காரணமே, அந்த எண்ணை எதுக்கு எடுக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியாததுதான்.

பேச்சிப்பாறை: ஏஎஸ்வி போட்டும் ரத்தம் உறையாத கேஸ் இருக்கே?

இருக்கு. நம்ம நாட்டு ஏஎஸ்வி நாலு பாம்புக்கு: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். மலைப்பக்கத் தோட்டங்களில் இருக்கிற, கேரளத்தில் முழமூக்கன் என்கிற குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால் சிறுநீர் அளவையும் நிறத்தையும் விடாமல் குறிக்கிற நர்ஸ்தான் டாக்டருக்கு முதலில் சேதி சொல்றவங்க.

அதே ஸ்டாஃப் நர்ஸ்: அப்போ கடிச்ச பாம்பை அடிச்சுக் கொண்டுவரச் சொல்லணுமா?

வேண்டவே வேண்டாம், இன்னொருத்தர் கடி வாங்குவார். அறிகுறியை எழுதுங்க. உங்க வாதத்தில் பாதி நியாயம்: மூன்றாம் ஆண்டுக்கு முன்னாடி இந்தக் கேஸ் கொடுக்க மாட்டேன்.

திங்கள்சந்தை: பிடிஎஃப் ப்ளீஸ்?

மேலே பதில் இருக்கு.

குழித்துறை: சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினா என்ன? எல்லாரும் செய்றாங்க.

அவங்க நோயாளிக்குப் பொட்டாசியம் 2.9, குறைவு. உங்க நோயாளிக்கு 5.8, அதிகம். அவங்க கேர் பிளானை அப்படியே எழுதினா, பொட்டாசியம் நிறைந்த ஆரஞ்சும் இளநீரும் தாராளமா கொடுங்கன்னு இவருக்கும் எழுதிடுவீங்க. செய்யாதீங்க.

கருங்கல்: ஒர்க்புக்கில் நோயாளி பெயர் போடணுமா?

போடக் கூடாது. ஐபி நம்பரும் கூடாது. ஏற்கெனவே சொல்லிட்டேன், மேலே வாசிங்க.

அழகியமண்டபம், டியூட்டர்: மார்க் எப்படிப் போடறது?

முதலில் எழுதின மூணு வரிக்கு மார்க் குறைக்காதீங்க. குறைச்சா அடுத்த வாரமே விடையைப் பார்த்து எழுத ஆரம்பிச்சிடுவாங்க. திருத்தி எழுதின வேற மைக்கு மார்க் கொடுங்க. வாரத்துக்கு ஒரே ஒரு கேஸ் போதும். அதை வகுப்பில் அரை மணி நேரம் பேச வைங்க.