குவாதலூப் அருங்காட்சியகத்தில் நம்மவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாரிஸில் வசிக்கிறேன், பூர்வீகம் காரைக்கால். விடுமுறைக்குக் குடும்பத்தோடு, கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குப் போயிருந்தோம். புவாந்த் ஆ பீத்ர் நகரத்தின் மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் ஒரு நாள் அங்கே போனோம். எல்லாம் ஆப்பிரிக்க அடிமைகளின் கதை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறி அதே கரும்புத் தோட்டங்களில் மாண்ட நம் மக்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம்தான். என் மகள், “நம்ம ஆளுங்க எங்கப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இது புறக்கணிப்பு இல்லையா? நம்மவர்களும் அடிமைகள்தானே?

எம்., பாரிஸ்

அன்புள்ள எம்.,

புறக்கணிப்பு என்று நான் நினைக்கவில்லை. காரைக்கால்காரர் ஒருவர் அங்கே தன் ஊரைத் தேடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1869இல் தொடங்கிய தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த கடலோர மனையில் அது நிற்கிறது. 2015 மே 10 அன்று திறந்தார்கள். அதன் கறுப்புச் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பீர்கள். பொடிப்பொடியாக மின்னும் படிகத் துணுக்குகள் பதித்திருக்கும். கடலிலும் தோட்டத்திலும் மாண்ட அடிமைகளின் ஆன்மாக்கள் அவை. நாம் அங்கே விருந்தாளிகள். துக்க வீட்டுக்குப் போனால் முதலில் அந்த வீட்டாரின் துக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

1685இல் பிரெஞ்சு அரசன் பிறப்பித்த கறுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 44ஆம் பிரிவு அடிமையை அசையும் சொத்து என்கிறது. எசமான் இறந்தால் மற்ற சாமான்களோடு வாரிசுகளுக்குப் பங்கு வைக்கலாம். 38ஆம் பிரிவு ஓடிப்போனவனுக்கு. ஒரு மாதம் தலைமறைவாக இருந்தால் காதை அறுத்துத் தோளில் சூடு. இரண்டாம் முறை பின்தொடை நரம்பை வெட்டுவது. மூன்றாம் முறை மரணம். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. குடும்பப் பெயரும் கிடையாது. 1848இல் விடுதலை வந்த பிறகுதான் பதிவேட்டு அலுவலர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு குடும்பப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே ஒருமுறை விடுதலை கொடுத்துப் பிடுங்கியும் இருக்கிறார்கள். 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் படை அனுப்பினான், அடிமை முறை திரும்பியது. அந்தப் படையை எதிர்த்து நின்ற லூயி தெல்கிரெஸ், இனித் தப்ப வழியில்லை என்றானபோது, மே 28 அன்று மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன் ஆட்கள் சுமார் 300 பேரோடு மாண்டார். அடிமையாக வாழ்வதைவிட இதுவே மேல் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். இதையெல்லாம் சொல்ல அந்தக் கட்டடம் முழுவதும் வேண்டும். அதில் நம் பங்கைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நம்மவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்? விடுதலை கொடுத்தபோது பிரெஞ்சு அரசு இழப்பீடு கொடுத்தது, எசமானர்களுக்கு. குவாதலூப்பில் தலைக்குச் சுமார் 470 பிராங்க். அடிமையாக இருந்தவருக்கு ஒரு காசு இல்லை. அவர்களில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். இருந்தவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். அந்தக் கூலியைக் கொடுக்க விரும்பாத முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை புவாந்த் ஆ பீத்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். தமிழர்கள் பெருமளவு, பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள்.

ஐந்து வருட ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. மாதத்துக்கு 26 நாள் வேலை கணக்காக வேண்டும்; குறைந்த நாட்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் ஏறும், அதனால் ஐந்து வருடம் ஐந்து வருடத்தில் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடிமையை விட்டதற்கு எசமான் வாங்கிய தொகை, ஒரு தமிழனின் மூன்று வருடக் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காய்ச்சலிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் சிறு பகுதி.

இவ்வளவு கொடுமை இருந்தும் இதை அடிமை முறை என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாற்றிக் கப்பலேற்றியது உண்டு, அடி உதை உண்டு. ஆனால் நம்மவர் கையில் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது, பதிவேட்டில் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தன, பிறந்த பிள்ளையைச் சந்தையில் விற்க முடியாது. இன்னொன்றையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விடுதலை பெற்றவர்களின் கூலியை இறக்குவதற்காகத்தான் நம்மவர்களைக் கொண்டுவந்தார்கள். அதனால் அவர்களுக்கு நம்மேல் வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காயம் ஆற வெகுகாலம் ஆயிற்று. இன்று அதே தீவில் காப்பெஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம் ஷான்ஜி கோவிலில் மாரியம்மனுக்கு ஆடு வெட்டித் தப்பு அடிக்கும்போது ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நேர்ந்துகொண்டு வந்து நிற்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் இரு தரப்பும்.

நம்மவர் கதையைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஊரிலேயே ஆள் உண்டு. ஹென்றி சிதம்பரம், 1863இல் காப்பெஸ்தேரில் பிறந்தவர். அந்தத் தீவிலேயே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை, பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற பேச்சே இல்லை. 1904இல் அவர் வழக்கைத் தொடங்கினார். 1923இல்தான் ஜெயித்தார். ஒருவர் பத்தொன்பது வருடம் விடாமல் நின்றிருக்கிறார். உங்கள் மகள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வளர்கிற பெண் என்றால் அவளுக்கு இவரைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு யோசனை. அந்த அருங்காட்சியகத்தில் வம்சாவளி தேடுபவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. காரைக்காலில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது, கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ பேசியிருந்தால், பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை போங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.