தாராவியில் ஒரு தமிழர்கூட ஏன் எம்.எல்.ஏ. ஆனதில்லை?

"இத்தனை தமிழர்கள் வாழும் தாராவியிலிருந்து இதுவரை ஒரு தமிழர்கூட சட்டமன்றத்துக்குப் போகவில்லையே, நமக்குள் ஒற்றுமை இல்லாததுதானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறவர் என்று நினைக்கிறேன். கோவில் கொடைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதையே கேட்பார். பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவார். அதனால் இங்கே முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

தாராவி தனித்தொகுதி. 1978-இல் இங்கே மார்க்சிஸ்ட் கட்சியின் சத்யேந்திர மோரே வென்றார். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக நடந்த மகாத் போராட்டத்தில் அம்பேத்கரோடு நின்ற ஆர்.பி. மோரேயின் மகன் அவர். 1980-இல் காங்கிரஸ். 1985, 1990 தேர்தல்களில் அதே கட்சியின் ஏக்நாத் கெய்க்வாட். 1995-இல் சிவசேனையின் பாபுராவ் மானே வென்றார். அந்தத் தேர்தல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1992-93 மும்பை மதக் கலவரம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்த என் அப்பா, வேலை முடிந்ததும் குளித்துவிட்டு கெய்க்வாட்டுக்காக வீடு வீடாகப் போவார். முடிவு வந்த இரவு அவர் சாப்பிடவில்லை. 1999-இல் கெய்க்வாட் மீண்டும் வென்றார். 2004-இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, அப்போது மக்களவைத் தலைவராக இருந்த மனோகர் ஜோஷியையே தோற்கடித்தார். எங்கள் தெருவில் அன்று வெடித்த பட்டாசு மறுநாள் காலை வரை கூட்டப்படாமல் கிடந்தது. அந்த வருடம் தொடங்கி 2019 வரை நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் அவர் மகள் வர்ஷா வென்றார். வர்ஷா 2024-இல் மக்களவைக்குப் போனதும் தங்கை ஜோதி வந்தார். அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் வீட்டு வாக்குகள் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போயிருக்கின்றன.

இனி என் சித்தப்பாவின் கதை. திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிடக் குடும்பம் நாங்கள். தாத்தா 1956-இல் மும்பைக்கு வந்தார். சித்தப்பா பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். மராத்தி மேடையிலும் தமிழ் மேடையிலும் தயங்காமல் பேசுவார். ஒரு தேர்தலில் சிறிய கட்சி ஒன்று அவரை நிற்கச் சொன்னது. தெருவே திரண்டது, வைப்புத் தொகைக்கு வசூலும் ஆயிற்று. அவரிடம் இருந்தது தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ். இங்கே சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்டார்கள். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அது. தாத்தா ஆறு வருடம் தாமதமாக ரயில் ஏறியிருக்கிறார்! வசூலித்த பணத்தை சித்தப்பா கணக்குப் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் திருப்பிக் கொடுத்தார். நானும் கூடவே போனேன்.

பிறகு நானே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, மக்களவைத் தனித்தொகுதியில் எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரும் நிற்கலாம். சட்டமன்றத் தனித்தொகுதியில் நிற்க அந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும். அதாவது மகாராஷ்டிரத்தின் ஏதோ ஒரு மூலையிலுள்ள மக்களவைத் தனித்தொகுதியில் சித்தப்பா நிற்கலாம், பிறந்து வளர்ந்த தாராவியில் எம்.எல்.ஏ. பதவிக்கு நிற்க முடியாது. நாடார், தேவர், முஸ்லிம் என்று தாராவியின் மற்றத் தமிழர்கள் தனித்தொகுதி என்பதால் நிற்க முடியாது. நாங்கள் வெளி மாநிலத்துச் சாதி என்பதால் நிற்க முடியாது. இதில் ஒற்றுமை எங்கே வந்தது?

இட ஒதுக்கீட்டுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதனால்தான் ஊரில் என் பெரியப்பா மகன் ஆசிரியர் ஆனான். மராத்தியத் தலித் மக்களின் இடத்தைப் பறிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சாதி மாநில எல்லையில் இறங்கிக்கொள்வதில்லை. அந்த இழிவு ரயிலில் எங்களோடு வந்தது, உரிமை மட்டும் வரவில்லை என்பதுதான் என் வலி. 1990-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு மும்பை மருத்துவக் கல்லூரி வழக்கில், மாநிலம் மாறினால் அந்தச் சலுகை நம்மோடு சேர்ந்து வராது என்றே தீர்ப்பளித்தது.

தாராவிக்கு அடுத்திருக்கும் சயான் கோலிவாடா பொதுத் தொகுதி. அங்கே 2014, 2019, 2024 என மூன்று முறை வென்றவர் கேப்டன் தமிழ்ச்செல்வன், புதுக்கோட்டைப் பக்கத்துத் தமிழர். அவர் பா.ஜ.க. என்பதால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள், நான் அவர் கட்சிக்காரன் அல்ல. 2008 நவம்பர் 26 தாக்குதல் இரவில் சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கி மருத்துவமனைக்கு அனுப்பிய மனிதர் என்ற மரியாதை எனக்கு உண்டு. வழி திறந்திருந்தால் மும்பையில் தமிழர் வெல்ல முடியும் என்பதற்காக அவரைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும். நான் படித்த தமிழ்வழிப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் திடீரென்று வேறு மொழிக்கு மாறி, என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் படிப்பையே விட்டார்கள். ஊரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் தாதாக்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

உங்கள் உறவினர் யாராவது தாராவியில் இருந்தால், 1950 ஆகஸ்டுக்கு முந்தைய பள்ளிப் பதிவோ வாடகை ரசீதோ இருக்கிறதா என்று பழைய டிரங்குப் பெட்டிகளில் தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தேடி முடித்துவிட்டோம்.