காருக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் பாகங்களுக்கு நாமே பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

நிக்கும். ஆனா எந்த பிளாஸ்டிக், எந்த இடம்ங்கிறத பொறுத்துதான். டோர் ஸ்விட்ச் பேனலும் சென்டர் கன்சோலும் பிசுபிசுன்னு ஆயிடுச்சு, பெய்ஜ் டேஷ்போர்டையும் கருப்பாக்கணும்னு கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டும் தாராளமா நீங்களே பண்ணலாம். டேஷ்போர்ட மட்டும் விட்டுடுங்க, காரணம் கீழ சொல்றேன்.

அந்த பிசுபிசுப்பு அழுக்கு கிடையாது. தொட்டா மெத்துன்னு இருக்கணும்னு ஃபேக்டரிலயே ஒரு பாலியூரித்தேன் கோட்டிங் அடிச்சிருப்பாங்க, வெயிலும் காத்துல இருக்கிற ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்குல அதை சிதைச்சு பசை மாதிரி ஆக்கிடும், அதனாலதான் கடலோர ஊர்ல ஓடுற பழைய வண்டிங்கள்ல இது அதிகமா இருக்கு. இது மேலயே ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு அடியில போடுற பூச்சு), பெயிண்ட்னு எது போட்டாலும் அடியோட நழுவிடும், அதனால முழுசா எடுத்தாகணும். பேனலை கழட்டிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு பழைய பருத்தித் துணிய நனைச்சு அஞ்சு நிமிஷம் மேல போட்டு வைங்க, அப்புறம் தேய்ச்சா கருப்பு கருப்பா உருண்டு துணியோட வந்துடும். கடையில தின்னர் போட்டு துடைங்கன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ்ங்கிற கெட்டி பிளாஸ்டிக்க கரைச்சு பள்ளமாக்கிடும். இன்னொன்னு, ஜன்னல் ஸ்விட்ச் பட்டன்ல ராத்திரி லைட் எரியிற படம் இருக்கு பாருங்க, பல வண்டில அந்தப் படம் மேல் கோட்டிங்கை லேசர்ல சுரண்டி எடுத்ததுதான், ஆல்கஹால் போட்டு தேய்ச்சா கோட்டிங்கோட படமும் போயிடும். பட்டனை விட்டுட்டு சுத்தி இருக்கிற பேனல மட்டும் பாருங்க. கோட்டிங் போனதும் அடியில நல்ல கருப்பு பிளாஸ்டிக் இருந்துச்சுன்னா அப்படியே மாட்டிடுங்க, பெயிண்டே தேவையில்ல. நிறைய பேருக்கு இங்கேயே வேலை முடிஞ்சிடும்.

பெயிண்ட் வேணும்னா பாகத்தை திருப்பி பின்பக்கம் பாருங்க. அம்புக்குறி மாதிரி ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஏபிஎஸ், பிபி, பிபி டிடி20ன்னு அச்சு பதிஞ்சிருக்கும். ஏபிஎஸ்னா சந்தோஷம், பெயிண்ட் நல்லா பிடிக்கும். பிபின்னா பாலிபுரொப்பிலீன், அது மேல எதுவுமே ஒட்டாது, முதல்ல அட்ஹீஷன் ப்ரமோட்டர், அதாவது பெயிண்ட்ட ஒட்ட வைக்கிற பூச்சு, அடிச்சே ஆகணும். சாதாரண மெட்டல் ப்ரைமர் அடிச்சா நகத்தால கீறினாலே தாள் தாளா உரிஞ்சு வரும். தண்ணில போட்டு மிதந்தா பிபின்னு ஒரு டெஸ்ட் சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, டிடி20ன்னா 20 சதவீதம் டால்க்ங்கிற கல் பொடி கலந்தது, அது பிபியா இருந்தும் தண்ணில முங்கிடும்.

உண்மையான உழைப்பு கழுவுறதுலதான் இருக்கு, இதுல யாரும் பொறுமை காட்டுறதில்லைங்கிறது எனக்கு பெரிய ஆதங்கம். டேஷ்போர்டு பாலிஷ்ல சிலிகான் இருக்கும், வருஷக்கணக்கா பூசினது பிளாஸ்டிக்கோட சொரசொரப்புக்குள்ள போய் உக்காந்திருக்கும், அது துளி மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்துல விலகி மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா குழி விடும். பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு கழுவுங்க, காய வைங்க, ஆல்கஹால்ல துடைங்க, அதுக்கப்புறம்தான் எமரி ஷீட்ட கையில எடுக்கணும், முதல்லயே தேய்ச்சா சிலிகான் இன்னும் உள்ள போகும். வழவழப்பான பாகம்னா 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர். தோல் மாதிரி டிசைன் இருக்கிற பாகத்துக்கு எமரி போடாதீங்க, டிசைன் அழிஞ்சிடும், ஸ்கஃப் பேட் (சொரசொரப்பான நார் பேட்) போதும். தேய்ச்சு முடிச்சு தண்ணி ஊத்திப் பாருங்க, முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு, திரும்ப கழுவுங்க. தண்ணி ஒரே படலமா பரவுச்சுன்னா சரி, காய வச்சு கடைசியா ஒரு தடவை ஆல்கஹால்ல துடைச்சிட்டு அதுக்கப்புறம் வெறும் கையால தொடாதீங்க.

அடிக்கிறது ஈஸிதான். ஸ்ப்ரே பெயிண்ட் கேனை ரெண்டு நிமிஷமாவது குலுக்குங்க, ஒரு சாண் தூரத்துக்கு கொஞ்சம் மேல வச்சு, பாகத்துக்கு வெளிய ஆரம்பிச்சு வெளியவே முடிங்க. முதல் கோட் சும்மா தூறல் மாதிரி, அடியில இருக்கிறது தெரிஞ்சாலும் பரவால்ல. பத்து நிமிஷம் விட்டு அடுத்தது, இப்படி மெல்லிசா மூணு நாலு கோட். மழை நாள்ல வேண்டவே வேண்டாம், காத்துல ஈரம் இருந்தா வெள்ளையா பூத்துடும். வெயில் ஏறினதுக்கப்புறம் நிழல்ல காத்தோட்டமான இடத்துல மாஸ்க் போட்டு அடிங்க. மேல பாதுகாப்புக்கு அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட் சாதாரண ஒன் கே (அப்படியே அடிக்கிறது) போதும், ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ கே கிளியர்ல ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு, நுரையீரலுக்கு கெடுதல், வீட்டு வாசல்ல அடிக்கிற சமாச்சாரம் இல்ல. சென்னைல இருந்தீங்கன்னா புதுப்பேட்டைல பழைய டிரிம் பீஸ் ஒண்ணு வாங்கி அதுல கை பழகிட்டு உங்க பாகத்தை தொடுங்க.

இப்ப டேஷ்போர்டு. பாசஞ்சர் பக்கம் உள்ள ஏர்பேக் இருக்கு, அந்த மூடி எங்க கிழியணும், எப்படி விரியணும்னு கணக்கு பண்ணி செஞ்சது, அது மேல பெயிண்ட் ஏத்தி விளையாடக் கூடாது. ஸ்டீயரிங் நடுவுல, கண்ணாடி ஓரத்து பில்லர்ல, எஸ்ஆர்எஸ்னு (ஏர்பேக் இருக்குன்னு காட்டுற குறி) எழுதியிருக்கிற எல்லா இடத்துக்கும் இதேதான். டேஷ்போர்டு மேல பளபளன்னு எது இருந்தாலும் வெயில்ல முன் கண்ணாடில பிரதிபலிச்சு ரோடே சரியா தெரியாது, கம்பெனிக்காரங்க அத மேட்டா விடுறது அதுக்குத்தான். பெய்ஜ் பிடிக்கலைன்னா நல்லா கழுவி சுத்தமா வச்சுக்கோங்க, குடும்பத்தோட போற வண்டி.

கதவு கைப்பிடி மாதிரி மோதிரமும் நகமும் தினம் படுற இடத்துல எவ்வளவு நல்லா அடிச்சாலும் ஓரம் தேயத்தான் செய்யும், அங்க ஸ்டிக்கர் மாதிரி இருக்கிற வினைல் ஷீட் ஒட்டுறது நல்லது. மத்ததெல்லாம் அடிச்சு முடிச்சா உடனே மாட்டாம ரெண்டு மூணு நாள் வெளிய காய விடுங்க, இல்லைன்னா மூடின காருக்குள்ள வாசனை தலைவலி கொடுக்கும். மாட்டினதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு அது மேல பாலிஷ், சானிடைசர் எதுவும் படாம பாத்துக்கோங்க, பர்ஃப்யூம் பாட்டிலையும் அங்க வைக்காதீங்க.