கலைக்காகக் கூடுவது, பாகுபாட்டில் அடிபடும் கறுப்பினப் பெண்களுக்கு உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் சுற்றி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக் கலைவதோடு நின்றால் பெரிதாக ஒன்றும் மாறாது என்பது என் கருத்து. கையில் காசும் காலடியில் நிலமும் சேர வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள வில்காக்ஸ் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) பற்றிப் படித்த பிறகுதான் இப்படி நினைக்க ஆரம்பித்தேன்.

அங்கே கறுப்பின மக்களே பெரும்பான்மை. இருந்தும் 1965 பிறந்தபோது வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. பதியப் போனவர்களுக்கு வேலை போயிற்று. விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்களை நிலத்துக்காரர்கள் வீட்டைவிட்டே துரத்தினார்கள். ஜீஸ் பெண்ட் கிராமத்திலிருந்து ஆற்றைக் கடந்து, கவுண்டியின் தலைநகரான கேம்டன் போகும் படகையும் 1962-லேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிழிந்த கால்சட்டையையும் மூட்டைத் துணியையும் வெட்டி இணைத்துக் குவில்ட் தைப்பது பரம்பரையாகக் கைவந்த வேலை. குளிருக்குப் போர்த்தத்தான், கலை என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொண்டதில்லை. பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அவற்றை ஒரு குவில்ட் 10 டாலர் என்று வாங்கி, நியூயார்க்கில் ஏலத்துக்குக் கொண்டுபோனார். 1966-ல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ (‘பீ’ என்றால் இங்கே கூடித் தைப்பது) என்ற கூட்டுறவுச் சங்கம் உருவானது. நிர்வாகம் எஸ்டெல் விதர்ஸ்பூன் கையில். சங்கம் 23 ஏக்கர் வாங்கித் தையல் கூடம் கட்டியது; துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு அதிலேயே மனையும் விற்றது. ஊசி பிடித்த கைகள் நிலத்துக்காரரின் பிடியைத் தளர்த்தியது இந்த இடத்தில்தான்.

சிக்கலும் இருந்தது. பெரிய கடைகளுக்கு எல்லாம் ஒரே அச்சில் வேண்டும். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்தார்கள். அது ஆலை வேலை மாதிரிதான், கற்பனைக்கு இடமில்லை. ஆனால் மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தார்களே, அந்தக் கார்டுராய் குவில்ட்களைப் படத்தில் பார்த்தாலே அசந்துவிடுவீர்கள்.

ஜீஸ் பெண்ட் குவில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் தொங்கின. புகழ் கொட்டியது. ஆனால் அவற்றைத் தைத்த பெண்களில் சிலர், தங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று 2007-ல் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு சமரசமானது. நீங்கள் இப்படியொரு கூடுகை தொடங்குவதாக இருந்தால், படைப்பு யாருக்குச் சொந்தம், விற்ற காசு யாருக்கு என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.