620 எப்படி 1020 ஆனது

சிஸ்டர், உங்கள் கணக்கில் அமினோ அமிலம் விட்டுப்போயிருக்கிறது. நரம்பு (சிரை) வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துக் கரைசல், ஒன்றரை லிட்டர் பை, டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) 150 கிராம், அமினோ அமிலம் 60 கிராம், சோடியம் குளோரைடு 60, பொட்டாசியம் குளோரைடு 30 மில்லி ஈக்விவலண்ட். இதற்கு ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் செறிவு, லிட்டருக்கு 620 மில்லி ஆஸ்மோல் வருகிறது, கை நரம்பில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

டெக்ஸ்ட்ரோஸ் கிராமுக்கு 5 மில்லி ஆஸ்மோல், ஆக 750. அமினோ அமிலம் கிராமுக்கு 10, அது 600. பலரும் அதைப் புரதம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கிராமுக்குக் கிராம் சர்க்கரையைவிட இரட்டிப்பு. உப்பு இரண்டாகப் பிரியும், 90க்கு 180. மொத்தம் 1530, ஒன்றரையால் வகுத்தால் லிட்டருக்கு 1020 மில்லி ஆஸ்மோல். கை நரம்புக்கு வழக்கமான உச்சவரம்பு 900.

இப்படி ஒரு பை ஏறி, மறுநாள் முன்கையில் நரம்பு கயிறுபோலத் தடித்துச் சிவந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தொட்டாலே அலறினார் அந்தப் பெரியவர்.

சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே பெரிய நரம்பு வரை செல்லும் குழாய்) இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லையென்றால் டாக்டரிடம் டெக்ஸ்ட்ரோஸை 100 கிராமாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள். சுமார் 853க்கு இறங்கும். குறையும் 170 கலோரியை 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) 85 மில்லி ஈடுகட்டும். கால்சியம், மெக்னீசியம் சேர்ப்பதாக இருந்தால் அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் தொங்கவிடுங்கள்.